வணிகக் கல்லூரியில் சேவைப் பணி: மாணவர்களும் பெற்றோரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வணிகவியலும் மேலாண்மையும் சொல்லித் தரும் ஒரு கல்லூரியில் நாட்டு நலப்பணித் திட்டத்தின் திட்ட அலுவலராக இருக்கிறேன். கல்லூரி திறந்ததும் பி.காம்., பி.பி.ஏ., எம்.பி.ஏ. மாணவர்கள் வந்து கேட்கும் சந்தேகங்கள் வருஷா வருஷம் பெரும்பாலும் ஒன்றேதான். பெற்றோர் போனில் கேட்பதும் அப்படித்தான். கேட்டவர்களின் வார்த்தையிலேயே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். தமிழ்நாட்டுக் கல்லூரிகளை மனதில் வைத்து எழுதியது இது. பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் விதி கொஞ்சம் மாறும். அதை உங்கள் கல்லூரி அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பி.காம். படிக்கிறவனுக்கு ஊருக்குள்ள என்ன சார் வேலை? அது சோஷியல் ஒர்க் படிக்கிறவங்களுக்குத்தானே?

நிறைய வேலை இருக்கிறது. கையெழுத்துப் போடும் முன் கடன் தாளைப் படித்துச் சொல்ல ஒரு ஆள், குழுவின் கணக்குப் புத்தகத்தைப் பாஸ்புக்கோடு ஒத்துப் பார்க்க ஒரு ஆள், வங்கியில் கொடுக்க வேண்டிய படிவத்தைத் தப்பில்லாமல் நிரப்ப ஒரு ஆள் என்று ஊரில் தேடிக்கொண்டே இருக்கிறார்கள். இதெல்லாம் உங்கள் பாடத்தில் இருக்கிறது. பிளஸ் ஒன்னில் படித்த வங்கிச் சரிகட்டும் பட்டியலே (நம் புத்தகத்து வங்கி இருப்பும் பாஸ்புக் இருப்பும் ஏன் வேறுபடுகின்றன என்று எழுதிப் பார்ப்பது) போதும், பாதி வேலை முடிந்துவிடும்.

ஊர்வலம் போவது, மரக்கன்று நடுவது, கோயில் குளம் சுத்தம் செய்வது ஆகியவற்றை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அதை எந்தக் கல்லூரி மாணவரும் செய்யலாம். வணிகவியல் மாணவர் செய்தால்தான் நடக்கும் வேலை என்று சில உண்டு. இந்தப் பக்கத்தில் அதிக இடம் அவற்றுக்குத்தான்.

என்.எஸ்.எஸ்., என்.சி.சி., ஒய்.ஆர்.சி., ரோட்டராக்ட்னு ஏகப்பட்டது இருக்கு. எதுல சேரணும்?

என்.எஸ்.எஸ். எனப்படும் நாட்டு நலப்பணித் திட்டம், காந்தி நூற்றாண்டையொட்டி 1969 செப்டம்பர் 24 அன்று 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கியது. 'எனக்காக அல்ல, உனக்காக' என்பது அதன் முழக்கம். ஊரோடு பழக வேண்டும் என்றால் இதுதான் நேரான வழி. என்.சி.சி. அணிவகுப்பு, பயிற்சி, ஒழுங்கு என்று வேறு பாதை. ராணுவம், காவல் துறை பக்கம் ஆர்வம் இருப்பவர்களுக்கு ஏற்றது. யூத் ரெட் கிராஸ் முதலுதவி, ரத்த தானம் பக்கம் போகும். ரோட்டரி சங்கத்தின் இளைஞர் பிரிவான ரோட்டராக்ட்டில் வெளியே தொழில் செய்பவர்களின் பழக்கம் கிடைக்கும்.

இரண்டில் சேர்ந்து இரண்டிலும் வருகைப் பதிவுக்கு ஓடுவதைவிட ஒன்றில் நின்று செய்யுங்கள். பெயர் கொடுத்துவிட்டு வராமல் இருந்தால், வர நினைத்த இன்னொருவரின் இடம் வீணாகிறது. கல்லூரியில் ஒரு என்.எஸ்.எஸ். அலகுக்கு 100 பேர் என்பதுதான் வழக்கமான அளவு.

வருஷத்துக்கு 120 மணி நேரம்னு சொல்றாங்க. நான் ஷிப்ட் 2, காலையில ஜெராக்ஸ் கடையில வேலைக்குப் போறேன். எப்படி முடியும்?

முடியும். வருஷத்துக்கு 120 மணி, இரண்டு வருஷத்துக்கு 240 மணி என்பதுதான் என்.எஸ்.எஸ். விதி. வாரக் கணக்கில் பார்த்தால் சராசரியாக இரண்டரை மணி நேரத்துக்கும் குறைவு. ஒரு சனிக்கிழமை முழு நாள் வந்தாலே ஒரு மாதத்துக்கான பெரும்பகுதி தேறிவிடும். வேலைக்குப் போகும் மாணவர்கள் முதல் கூட்டத்திலேயே அதைச் சொல்லிவிடுங்கள். களத்துக்கு வர முடியாத நாளில் வீட்டிலிருந்தே கணக்கெடுப்புத் தாள்களைக் கணினியில் ஏற்றுவது, படிவங்களைத் தமிழில் எளிதாக எழுதுவது போன்ற வேலைகளைப் பிரித்துத் தரலாம்.

இன்னொன்று. ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கும் மாணவருக்கு எந்த விண்ணப்பத்துக்கு எந்தச் சான்றிதழ் நகல் வேண்டும் என்பது எங்களைவிட நன்றாகத் தெரியும். உதவி முகாமில் முதல் மேசையில் நான் உட்கார வைப்பது அப்படிப்பட்டவர்களைத்தான்.

ஓ.டி. கொடுப்பாங்களா? அட்டெண்டன்ஸ் 75-க்குக் கீழே போயிட்டா?

கல்லூரி அனுப்பும் பணிக்கு ஓ.டி. (ஆன் டியூட்டி, அதாவது வகுப்புக்கு வந்ததாகவே கணக்கில் வைப்பது) உண்டு. ஆனால் முன்கூட்டியே எழுதி வாங்க வேண்டும். போய்விட்டு வந்து கேட்டால் துறைத் தலைவரும் தர்மசங்கடப்படுவார், நானும்தான். பணிக்கு முன்னால் பட்டியல் துறைக்குப் போய்விட்டதா என்று நீங்களே ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். வகுப்பில் நடந்த பாடத்தை ஓ.டி. ஈடுசெய்யாது, அதற்கு நண்பரின் நோட்டுத்தான் வழி.

சர்ட்டிபிகேட் கிடைக்குமா? வேலைக்கு உதவுமா?

240 மணி நேரமும் ஒரு சிறப்பு முகாமும் முடித்தால் பல்கலைக்கழகச் சான்றிதழ் கிடைக்கும். மேல்படிப்புச் சேர்க்கையில் சில இடங்களில் இதற்கு மதிப்பெண் சேர்ப்பார்கள், சில இடங்களில் சேர்க்க மாட்டார்கள். அதை நம்பி மட்டும் வர வேண்டாம்.

நேர்முகத் தேர்வில் சான்றிதழைப் புரட்டிப் பார்ப்பவர் குறைவு. 'அங்கே நீங்கள் என்ன செய்தீர்கள்?' என்று கேட்பவர் அதிகம். 'ஊருக்குப் போனோம், விழிப்புணர்வு கொடுத்தோம்' என்பது பதிலாகாது. 'ஒரு மகளிர் குழுவின் ரொக்கப் பதிவேட்டுக்கும் வங்கி இருப்புக்கும் இடையில் இருந்த வித்தியாசத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்து கொடுத்தோம்' என்று சொல்பவரிடம் கேட்க அடுத்த கேள்வி தானாக வரும்.

ஏழு நாள் கேம்ப்ல என்னதான் நடக்கும்? காசு கட்டணுமா?

ஒரு ஊரைக் கல்லூரி தத்தெடுத்து, அங்கே ஏழு நாள் தங்குவதுதான் சிறப்பு முகாம். தங்குவது பெரும்பாலும் அரசுப் பள்ளி அல்லது சமுதாயக் கூடம். காலையில் உடலுழைப்பு, மதியம் கணக்கெடுப்பும் வீடு வீடாகப் பேசுவதும், மாலையில் ஊர் மக்களோடு கூட்டம் அல்லது கலை நிகழ்ச்சி. சமையல் முறை வைத்து நடக்கும். நாற்பது ஐம்பது பேருக்கு வெங்காயம் உரிக்கும்போது உண்டாகும் நட்பு மூன்று வருஷ வகுப்பறையில் உண்டாவதில்லை. முகாம் போய் வந்த யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள்.

முகாமுக்கு அரசு நிதி உண்டு. அது போதாதபோது கல்லூரி நிர்வாகமோ ஊர்ப் பெரியவர்களோ அரிசி, காய்கறி கொடுத்து உதவுவார்கள். மாணவர்களிடம் பணம் வாங்கினால் எதற்கு என்று கேளுங்கள், ரசீதும் கேளுங்கள். கணக்கு படிக்கும் பிள்ளைகள் கேட்டால் யாரும் தப்பாக நினைக்கக் கூடாது.

பொண்ணை ஏழு நாள் வெளியூருக்கு அனுப்பச் சொல்றீங்க. பாதுகாப்புக்கு யார் பொறுப்பு?

பெற்றோர் கேட்கும் கேள்விகளில் இதுதான் முதலாவது, கேட்க வேண்டியதும்கூட. பொறுப்பு கல்லூரியுடையது. உடன் தங்கும் பெண் ஆசிரியர் யார், பெண்களுக்குத் தனிக் கட்டடமும் கழிப்பறையும் உண்டா, பக்கத்தில் ஆரம்ப சுகாதார நிலையம் எங்கே, எந்த எண்ணில் கூப்பிடலாம் என்ற நான்கையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இவற்றுக்குப் பதில் சொல்லத் தடுமாறும் முகாமுக்கு அனுப்பாதீர்கள்.

பாலியல் தொல்லை தொடர்பான யு.ஜி.சி.யின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2015 விதிமுறைகளில் களப்பயணம், முகாம், போக்குவரத்து எல்லாமே வளாகத்தின் நீட்சியாகவே கருதப்படுகின்றன. ஊரில் நடந்தது என்று சொல்லி யாரும் தட்டிக்கழிக்க முடியாது. கல்லூரியின் உள் புகார்க் குழுவில் புகார் கொடுக்கலாம். இதை மாணவிகளிடம் முகாமுக்குப் புறப்படும் முன்பே சொல்லிவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

சீனியருங்க 'வந்தே ஆகணும்'னு மிரட்டறாங்க. வராட்டி ஹாஸ்டல்ல பேச மாட்டோம்ங்கறாங்க.

சேவைக்கு மிரட்டி ஆள் சேர்த்தால் அது ராகிங்தான். தமிழ்நாட்டில் 1997 முதலே ராகிங் தடைச் சட்டம் இருக்கிறது. யு.ஜி.சி.யின் உதவி எண் 1800-180-5522, இரவிலும் பேசலாம். கல்லூரிக்குள் ராகிங் தடுப்புக் குழுவிடமோ நேராக என்னைப் போன்ற திட்ட அலுவலரிடமோ சொல்லலாம். விருப்பம் இல்லாமல் வரும் ஒருவர் ஊர் மக்களிடம் முகம் சுளித்துப் பேசுவதால் அந்த ஊருக்கும் கஷ்டம்.

மகளிர் குழு அக்காங்க இருபது வருஷமா குழு நடத்தறாங்க. அவங்களுக்கு நாங்க என்ன சொல்லித் தர்றது?

நல்ல கேள்வி. தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் 1989-ல் தருமபுரியில் அரசு ஆதரவோடு தொடங்கின. குழுக்களை வங்கிக் கடனோடு இணைக்கும் திட்டத்தை, விவசாய, ஊரக வளர்ச்சி வங்கியான நபார்டு 1992-ல் கொண்டுவந்தது. ஆகவே உங்கள் வயதைவிட அதிக அனுபவம் குழுவை முன்னின்று நடத்தும் ஊக்குநருக்கு இருக்கும். கூட்டம் நடத்துவது, ஆளை அறிந்து கடன் கொடுப்பது, கட்ட முடியாதவரிடம் பக்குவமாகப் பேசுவது, இதிலெல்லாம் நீங்கள்தான் கற்றுக்கொள்ள வேண்டும். முதல் இரண்டு கூட்டத்தில் ஓரமாக உட்கார்ந்து கவனியுங்கள், அது போதும்.

நீங்கள் உதவக்கூடிய இடம் புத்தகம். ஒரு குழுவில் தீர்மானப் புத்தகம், ரொக்கப் பதிவேடு, சேமிப்பு மற்றும் கடன் பேரேடு, ஒவ்வொரு உறுப்பினருக்கும் தனி பாஸ்புக் என்று இருக்கும். பெரும்பாலும் எழுதத் தெரிந்த ஒரே ஒருவர்தான் எல்லாவற்றையும் எழுதுவார். அவருக்கு உடம்பு சரியில்லாமல் போனாலோ வேறு ஊருக்குப் போனாலோ பதிவு நின்றுவிடும். வங்கி அடுத்த கடனுக்குக் குழுவைத் தரம் பார்க்கும்போது முறையான கூட்டம், முறையான சேமிப்பு, உள்கடன், திருப்பிச் செலுத்துதல், கணக்குப் பதிவு ஆகிய ஐந்தையும் பார்க்கும். நாலு சரியாக இருந்து புத்தகம் மட்டும் சரியில்லாததால் கடன் தள்ளிப்போகும் குழுக்கள் உண்டு.

ஒரு புத்தகத்தை எடுத்தால் நீங்கள் பார்க்கப்போவது இப்படி இருக்கும். ரொக்கப் பதிவேட்டில் வங்கி இருப்பு ஒரு தொகை, பாஸ்புக்கில் வேறு தொகை. வித்தியாசம் சில நூறு ரூபாய்தான். யாரோ எடுத்துவிட்டார்கள் என்று குழுவுக்குள் புகைச்சல். பாஸ்புக்கை வரி வரியாகப் பார்த்தால் எஸ்.எம்.எஸ். கட்டணம் பிடித்தது, சேமிப்பு வட்டி வரவு வைத்தது, ஒரு தவணை இரண்டு நாள் தள்ளிப் பதிவானது என்று எல்லாம் அங்கேயே இருக்கும். நீங்கள் படித்த சரிகட்டும் பட்டியல் அதுவேதான். அதைப் பலகையில் எழுதி, எல்லா உறுப்பினர்களும் பார்க்கும்படி ஒவ்வொரு வரியாகக் கூட்டிக் காட்டுங்கள். நீங்களே எழுதி முடித்துக் கொடுத்துவிட்டு வராதீர்கள். எழுதத் தெரிந்த இன்னும் இரண்டு பெண்கள், முடிந்தால் அவர்கள் வீட்டுப் பள்ளிப் பிள்ளைகள், பேனாவைப் பிடிக்க வேண்டும்.

தண்டல் வாங்கறவங்ககிட்ட 'வட்டி அதிகம்'னு சொன்னா, 'எங்களுக்குத் தெரியும் தம்பி'ன்னு சிரிக்கறாங்க. என்ன பண்றது?

அவர்களுக்குத் தெரிவது உண்மைதான், ஆனால் எவ்வளவு அதிகம் என்பது பெரும்பாலோருக்குத் தெரியாது. காய்கறிக் கடை போடும் ஒருவர் 10,000 ரூபாய் தண்டல் வாங்குகிறார் என்று வையுங்கள். பிடித்தம் போகக் கையில் வருவது 8,500. வாரம் 1,000 வீதம் பத்து வாரம் கட்ட வேண்டும். '1,500 ரூபாய்தானே, நூத்துக்குப் பதினஞ்சு' என்பது அவர் கணக்கு. ஆனால் முதல் வாரத்திலிருந்தே பணம் திரும்பிப் போய்க்கொண்டிருக்கிறது. அந்த 8,500 பத்து வாரமும் அவர் கையில் இல்லை. எக்செலில் ஐ.ஆர்.ஆர். (கையில் மிச்சமிருக்கும் பணத்துக்கு உண்மையில் விழும் வட்டி வீதம்) போட்டுப் பாருங்கள்: வாரத்துக்கு 3 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல். 52 வாரத்தால் பெருக்கினாலே ஆண்டுக்கு ஏறத்தாழ 160 சதவீதம்.

இதைப் பேப்பரில் வாரம் வாரமாக எழுதி, 'இந்த வாரம் உங்கள் கையில் மிச்சம் இருக்கும் அவர் பணம் எவ்வளவு' என்று கேட்டுக்கொண்டே போனால் யாருக்கும் விளங்கும். அதே கணக்கை 'பிளாட்' வட்டிக்கும், அதாவது அசல் குறைந்தாலும் முதல் தொகைக்கே கடைசி வரை போடும் வட்டிக்கும், போட்டுக் காட்டலாம். 10,000 ரூபாய்க்கு 12 சதவீதம் பிளாட், மாதத் தவணையாக ஒரு வருஷம் என்றால் உண்மையான வட்டி 21 சதவீதத்தைத் தாண்டும். வகுப்பில் மதிப்பெண்ணுக்காகப் போட்ட கணக்கு இங்கே ஒரு குடும்பத்தின் மாதச் செலவு.

அப்புறம், 'இனிமேல் தண்டல் வாங்காதீங்க' என்று சொல்லிவிட்டு எழுந்து வராதீர்கள். விடியற்காலை மார்க்கெட்டில் சரக்கு எடுக்க அன்றைக்கே பணம் தருபவர் அவர்தான். மாற்று வழியைக் கையில் வைத்துக்கொண்டு போங்கள். தெருவோர வியாபாரிகளுக்கு 2020-ல் வந்த பி.எம். ஸ்வநிதி பிணையில்லாக் கடன், பக்கத்துக் கூட்டுறவு சங்கம், மகளிர் குழுவின் உள்கடன் என்று மூன்றையும் விசாரித்து வைத்திருங்கள். மைக்ரோ பைனான்ஸ் கடன் என்றால், 2022 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த ரிசர்வ் வங்கி விதிப்படி, ஆண்டு வட்டி உட்பட எல்லா விவரமும் உள்ள தாளைக் கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் கொடுக்க வேண்டும். எல்லாக் கடனுக்குமான மாதத் தவணை குடும்ப வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. அந்தத் தாள் வீட்டில் எங்கேயோ மடித்துக் கிடக்கும். எடுத்து வாசித்துக் காட்டுங்கள்.

பேங்க் இன்சூரன்ஸ் திட்டம் பத்தி எல்லாரும் நோட்டீஸ் கொடுக்கறாங்க. நாங்களும் அதையே கொடுக்கணுமா?

நோட்டீஸ் வேண்டாம், பாஸ்புக்கைப் பாருங்கள். மே மாதக் கடைசியில் 20 ரூபாய் பிடித்திருந்தால் அது பிரதமர் சுரக்ஷா பீமா: 18 முதல் 70 வயது வரை, விபத்து மரணத்துக்கு 2 லட்சம். 436 ரூபாய் பிடித்திருந்தால் ஜீவன் ஜோதி பீமா: 18 முதல் 50 வயதுக்குள் சேர வேண்டும், எந்தக் காரணத்தால் இறந்தாலும் 2 லட்சம். இரண்டிலும் காப்பீட்டு ஆண்டு ஜூன் 1 முதல் மே 31 வரை.

பணம் பிடிக்கப்படுவதைக் கணக்கு வைத்திருப்பவரே கவனித்திருக்க மாட்டார். வீட்டில் மற்றவர்களுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. அவர் இறந்த பிறகு யாரும் போய்க் கேட்காததால் அந்தத் தொகை குடும்பத்துக்கு வராமலே போகிறது. அதனால் வீடு வீடாகப் போகும்போது இரண்டே கேள்வி: என்ன பிடிக்கிறார்கள், நாமினி (இறந்தால் பணம் பெற வேண்டியவர்) யார். நாமினி இடம் காலியாக இருந்தால் அந்த வாரமே வங்கிக்குக் கூட்டிப் போங்கள். நான் பார்த்த களப்பணிகளில் செலவே இல்லாமல் அதிகப் பலன் தந்தது இதுதான்.

'ஓ.டி.பி. சொன்னேன், பணம் போயிடுச்சு'ன்னு ஒரு பாட்டி அழுதுச்சு. எங்களுக்குக் கை கால் ஓடலை.

உடனே 1930-க்குப் போன் போடுங்கள், அப்புறம் வங்கிக்கு. எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை வழியில் நிறுத்தி வைக்க வாய்ப்பு. பணம் போன நேரம், தொகை, வந்த எஸ்.எம்.எஸ். மூன்றையும் எழுதி வைத்துக்கொண்டு பேசுங்கள். எஸ்.எம்.எஸ்.ஸை அழித்துவிடக் கூடாது.

நீங்கள் கடைப்பிடிக்க வேண்டிய கட்டுப்பாடும் ஒன்று உண்டு. யாருடைய பின் எண்ணையும் கேட்காதீர்கள், அவர்களே சொன்னாலும் எழுதி வைக்காதீர்கள், அவர்கள் போனில் நீங்களாகப் பணம் அனுப்பாதீர்கள். ஆதார் நகலை உங்கள் போனில் படம் எடுத்து வைக்கவும் வேண்டாம். உதவிக்கு வந்த கல்லூரிப் பிள்ளை என்று நம்பித் தருகிறார்கள். பிறகு வேறு யாரோ ஏமாற்றினாலும் சந்தேகம் உங்கள் பக்கம் திரும்பும்.

ஊர்ல காலனிக்குப் போக வேணாம், இங்கேயே முடிச்சுக்கங்கன்னு சொல்றாங்க. என்ன செய்யறது?

போக வேண்டும். இதில் மாணவர்கள் தனியாகப் போய் வாக்குவாதம் செய்யக் கூடாது. பேச வேண்டியவர் திட்ட அலுவலர், அதுவும் முகாமுக்கு முன்பே. ஊராட்சித் தலைவரைப் பார்க்கும் அதே நாளில் காலனியில் உள்ள பெரியவர்களையும் மகளிர் குழுவையும் பார்த்துப் பேசிவிட வேண்டும். கூட்டம் நடத்தும் இடம் எல்லோரும் தயக்கமில்லாமல் வரக்கூடியதாக இருக்க வேண்டும்; அரசுப் பள்ளி பெரும்பாலும் அப்படிப்பட்ட இடம். கணக்கெடுப்பைக் காலனியில் தொடங்கி ஊருக்குள் வாருங்கள். கடைசியாக வைத்தால் 'நேரமாகிவிட்டது' என்று அந்தத் தெருதான் விட்டுப்போகும்.

எந்தத் தெருவில் தண்ணீர் கொடுத்தாலும் வாங்கிக் குடியுங்கள். நம் மாணவர்களுக்குள்ளேயே இரண்டு தெருவிலிருந்தும் வந்தவர்கள் இருக்கிறார்கள். ஒரு வீட்டு வாசலில் அவர்களில் ஒருவர் மட்டும் நிறுத்தப்பட்டால் குழு முழுவதும் அங்கிருந்து கிளம்பிவிட வேண்டும் என்பதை முதல் நாளே பேசி முடிவு செய்துகொள்வது நல்லது.

போட்டோ எடுத்து இன்ஸ்டால போடலாமா? காலேஜும் ரிப்போர்ட்டுக்கு போட்டோ கேக்குதே?

ரிப்போர்ட்டுக்குப் படம் தேவை என்பது சரி. நீங்கள் வேலை செய்வதை எடுங்கள். உதவி வாங்குபவரின் முகம், கையில் அரிசிப் பையோடு நிற்பது, அழுவது, குழந்தைகள், இவை வேண்டாம். கேட்டு, அவர் மனதார ஒப்புக்கொண்டால் எடுக்கலாம். கேட்டவுடன் மறுக்கத் தயங்குவார்கள் என்பதையும் மறக்காதீர்கள். பாஸ்புக், கடன் தாள், ஆதார் எதுவும் படத்தின் மூலையில்கூடத் தெரியக் கூடாது.

ரத்தம் கொடுக்கறேன்னு பேர் கொடுத்தேன், 43 கிலோதான்னு திருப்பி அனுப்பிட்டாங்க. இது சரியா?

சரிதான். 18 வயது முடிந்திருக்க வேண்டும், எடை குறைந்தது 45 கிலோ, ஹீமோகுளோபின் 12.5. ஆண்கள் மூன்று மாத இடைவெளியிலும் பெண்கள் நான்கு மாத இடைவெளியிலும் கொடுக்கலாம். காலையில் சாப்பிடாமல் வந்து மயங்கி விழுபவர்கள்தான் அதிகம், சாப்பிட்டுவிட்டு வாருங்கள். ஹீமோகுளோபின் குறைவு என்று திருப்பி அனுப்பப்படும் மாணவிகள் நிறையப் பேர். அதை அவமானமாக எடுத்துக்கொள்ளாமல் அந்த எண்ணோடு மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

கல்சுரல்ஸ், மேனேஜ்மெண்ட் மீட், ஸ்பான்சர் பிடிக்கிற வேலைன்னே நேரம் போயிடுது. இதையும் எங்க சேர்க்கறது?

பிரிக்கவே வேண்டாம். விழாவில் எப்படியும் உணவுக் கடை, பொருள் கடை போடுவீர்கள். அதில் நாலு கடையை மகளிர் குழுக்களுக்கு வாடகை இல்லாமல் கொடுங்கள். அந்த வாரத்தில் நீங்கள் அவர்களோடு உட்கார்ந்து அடக்க விலை போட வேண்டும். முறுக்கு போடும் அக்காவிடம் கேட்டால் மாவு, எண்ணெய், உப்பு என்று சொல்வார். கேஸ், பாக்கெட், பஸ் கட்டணம், உடைந்துபோன முறுக்கு எதுவும் கணக்கில் வராது. தன் கூலி வரவே வராது. எல்லாம் சேர்த்துப் போட்டால் சில பொருளை நஷ்டத்துக்கு விற்று வந்தது தெரியும். அடக்கவிலைக் கணக்கியல் தாளுக்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியவில்லை.

விழா முடிந்ததும் அவர்கள் தொடர்ந்து விற்க என்ன வேண்டும் என்று பாருங்கள். சிறு தொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவுக்குக் கட்டணமே கிடையாது. அதற்கு ஆயிரம், இரண்டாயிரம் வாங்கும் இடைத்தரகர்கள் இருக்கிறார்கள். மாநிலத்துக்குள் பொருள் மட்டும் விற்பவருக்கு ஆண்டு விற்பனை 40 லட்சத்தைத் தாண்டாதவரை ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயம் இல்லை. இந்த இரண்டைச் சொன்னாலே பல குழுக்களுக்குச் செலவு மிச்சம்.

கம்பெனிங்ககிட்ட சி.எஸ்.ஆர். பணம் கேக்கலாமா? எங்க கிளப் பேர்ல கொடுப்பாங்களா?

2013 கம்பெனிகள் சட்டத்தின் 135-ம் பிரிவுப்படி, நிகர மதிப்பு 500 கோடி, விற்பனை 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி ஆகியவற்றில் ஒன்றை எட்டிய கம்பெனி, முந்தைய மூன்று ஆண்டுச் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். சி.எஸ்.ஆர். என்பது இதுதான். எதற்குச் செலவிடலாம் என்பது ஏழாவது அட்டவணையில் இருக்கிறது. தேர்வுக்குப் படித்திருப்பீர்கள்.

மாணவர் கிளப்பின் பெயரில் அந்தப் பணம் வராது. கம்பெனி வேறொரு அமைப்பு மூலம் செலவிட்டால் அந்த அமைப்பு சி.எஸ்.ஆர்.-1 படிவத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். 2021 ஏப்ரல் முதல் இந்த விதி. கல்லூரியை நடத்தும் அறக்கட்டளைக்கு அந்தப் பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள். சின்ன வேலைக்குப் பெரிய பணம் தேடி அலைய வேண்டாம் என்பது என் யோசனை. மேலே சொன்ன புத்தகம் ஒத்துப்பார்ப்பது, நாமினி பார்ப்பது, அடக்க விலை போடுவது எதற்கும் பஸ் கட்டணத்தைத் தாண்டிச் செலவில்லை.

எம்.பி.ஏ.-வுக்கு இதெல்லாம் எதுக்கு? பிளேஸ்மெண்ட்டுக்குத்தானே வந்தோம்?

நாட்டின் பெரிய மேலாண்மைக் கல்லூரிகள் சில இதைப் பாடத்திட்டத்துக்குள்ளேயே வைத்திருக்கின்றன. குஜராத்தின் ஆனந்தில் வர்கீஸ் குரியன் 1979-ல் தொடங்கிய ஊரக மேலாண்மைக் கல்வி நிறுவனமான இர்மாவில் மாணவர்கள் கிராமத்தில் தங்கிப் படிப்பது கட்டாயம். மும்பை எஸ்.பி. ஜெயின் மேலாண்மைக் கழகத்தில் மாணவர்கள் தொண்டு நிறுவனங்களோடு பல வாரம் வேலை செய்கிறார்கள்.

நம் பக்கத்திலேயே மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது. டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976-ல் 11 படுக்கையோடு தொடங்கியது. கட்டணம் கட்டுபவர்களின் வருமானத்தில் கட்ட முடியாதவர்களுக்கும் அறுவை சிகிச்சை நடக்கும் அதன் முறையை ஹார்வர்டு வணிகப் பள்ளி பாடமாக வைத்தது. அந்த மருத்துவமனை நடத்தும் கண் முகாம்களில் பெயர் பதிவது, வரிசை பிரிப்பது, முதியவர்களைப் பஸ்ஸில் ஏற்றி அழைத்துப் போவது போன்ற வேலைகளுக்குத் தன்னார்வலர்கள் வேண்டும். ஆபரேஷன்ஸ் மேனேஜ்மெண்ட் படிப்பவர் ஒரு ஞாயிறு காலை அங்கே நின்று பார்த்தால், எந்த மேசையில் ஆட்கள் தேங்குகிறார்கள், ஏன் என்று கண்ணாலேயே தெரிந்துகொள்ளலாம்.

ஏழு நாள் போயிட்டு வந்துடறோம். அப்புறம் அந்த ஊருக்கு என்ன ஆகுது?

இதுதான் எனக்கு மிகவும் கவலை தரும் கேள்வி. முகாம் முடிந்ததும் பேனரைக் கழற்றிக்கொண்டு போய், அடுத்த வருஷம் வேறு ஊர் என்று போனால் ஒன்றும் மிஞ்சாது. ஒரே ஊருக்குக் குறைந்தது மூன்று வருஷம் போக வேண்டும். மாணவர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள் என்பதால் ஒப்படைப்பு நோட்டு ஒன்று அவசியம். எந்தக் குழுவின் புத்தகம் எந்த மாதம் வரை சரிபார்க்கப்பட்டது, யாருடைய நாமினி விண்ணப்பம் எந்த வங்கிக் கிளையில் நிற்கிறது, யாருக்கு என்ன செய்து தருகிறோம் என்று சொல்லிவிட்டு வந்தோம் என்று தேதியோடு எழுதியிருக்க வேண்டும். கணக்கு எண், ஆதார் எண் எதுவும் அதில் வேண்டாம், காரணம் ஓ.டி.பி. கேள்வியில் இருக்கிறது.

மூன்றாம் ஆண்டு மாணவர்கள் விடைபெறும் முன் இரண்டாம் ஆண்டு மாணவர்களை ஊருக்கு ஒருமுறை கூட்டிப் போய், ஊக்குநரிடம் 'அக்கா, இனிமேல் இவங்க வருவாங்க' என்று நேரில் அறிமுகம் செய்து வைக்க வேண்டும். செய்ய முடியாத எதையும் சொல்லிவிட்டு வரக் கூடாது. 'ரோடு போட்டுத் தர்றோம்', 'லோன் வாங்கித் தர்றோம்' என்பது நம் கையில் இல்லை. மனு எழுதித் தருவதும், மனுவின் எண்ணைக் குறித்துக்கொண்டு அடுத்த மாதம் போய் விசாரிப்பதும் நம் கையில் இருக்கிறது. இந்த ஆண்டு பட்டியலில் சேர விரும்புபவர்கள் முதல் பருவத்தின் இரண்டாவது சனிக்கிழமைக்குள் உங்கள் கல்லூரித் திட்ட அலுவலரைப் பாருங்கள். பழைய ஒப்படைப்பு நோட்டு இருக்கிறதா என்று அவரிடம் முதலில் கேளுங்கள். இல்லையென்றால் ஒரு நோட்டு வாங்கிக்கொண்டு போங்கள்.